விலை ஆடும்போது மனசும் ஆடுகிறது

கேள்வி: எனக்கு 46 வயது. கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. விற்றுவிடலாம் என்கிறார் திருப்பூரில் இருக்கும் அண்ணன். பச்சைத் தேயிலை விலை ஏறினால் வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது, இறங்கினால் விற்கத் தோன்றுகிறது. இரண்டு வருடமாக இழுத்தடிக்கிறேன். செடிகளைக் குட்டையாக வெட்டிவிடும் கவாத்துகூட வெட்டவில்லை. வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். டோபமைனைக் கூட்டினால் சரியாகுமா?
பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: நீங்கள் சோம்பேறி இல்லை. முதலில் இதை வீட்டிலும் படித்துக் காட்டுங்கள்.

டோபமைன் மூளையில் சுரக்கிற ஒரு ரசாயனம்; உரம்போல அள்ளிப் போடுகிற பொருள் அல்ல. எதிர்பார்த்ததைவிட நல்லது நடந்தால் மூளையில் அது துள்ளும், எதிர்பார்த்தது வராவிட்டால் அடங்கும். பாடுபட்டுக் கொழுந்து பறித்துப் போட்டும் கையில் ஒன்றும் நிற்காவிட்டால், இதற்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்று உடம்பே கற்றுக்கொள்கிறது.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல இருக்கிற அட்ரினல் சுரப்பியில் சுரப்பது. லண்டனில் நிதிச்சந்தை வியாபாரிகள் 17 பேரின் எச்சிலை 8 வேலைநாட்கள் சோதித்த ஓர் ஆய்வு 2008இல் வந்தது. நஷ்டப்பட்ட நாளில் கார்டிசால் எகிறும் என்றுதானே நினைப்போம்? எகிறியது நஷ்டத்தால் அல்ல, சந்தையும் அவர்களுடைய லாபநஷ்டக் கணக்கும் நிலையில்லாமல் ஆடியதால். அப்புறம் 2014இல் கேம்பிரிட்ஜில், ஆரோக்கியமானவர்களுக்கு மாத்திரை கொடுத்து 8 நாள் கார்டிசாலை 69 சதவீதம் உயர்த்திப் பார்த்தார்கள். சட்டென்று ஒருமுறை ஏறியபோது பெரிய மாற்றமில்லை. நாள்கணக்கில் ஏறியே நின்றபோதுதான், முன்பு துணிந்த விஷயத்துக்கும் பயந்து பின்வாங்கினார்கள்.

அவர்களுக்கு 8 நாள். குன்னூர் தேயிலை ஏலத்தையும் மாத விலை அறிவிப்பையும் பார்த்துப் பார்த்து உங்களுக்கு இரண்டு வருடம். உங்கள் ரத்தத்தில் கார்டிசால் எவ்வளவு என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் விற்கவும் பயம், வெட்டவும் பயம் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஒரு வேலை உடனே செய்யுங்கள். ரத்தத்தில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு சோதனை பாருங்கள். தைராய்டு குறைந்தாலும் சோர்வு, மந்தம், எதிலும் பிடிப்பின்மை எல்லாம் வரும். குளிர் தாங்காததும் ஓர் அறிகுறி. மலையில் எல்லோருக்கும்தானே குளிருகிறது என்று நம் ஆட்கள் அதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம். மனசு ரொம்பக் கனத்து, வாழ்வதே வெறுப்பாக இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நிலத்தைப் பற்றி: விலை அறிவித்த வாரத்தில் அண்ணனோடு பேசாதீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில், ஒரு மாத விலையை விட்டுவிட்டு, கடந்த மூன்று வருடக் கணக்கை மனைவியோடு உட்கார்ந்து எழுதுங்கள். விற்பதா வேண்டாமா என்பது அந்தத் தாளைப் பார்த்து முடிவாகட்டும். அதுவரை, கவாத்துப் பருவம் வந்ததும் பத்து சென்ட் மட்டும் வெட்டுங்கள். முழு ஒன்றரை ஏக்கரையும் நினைத்தால் கத்தி கையில் ஏறாது.