மகளோடு வேட்டைக்கு: தென்னாப்பிரிக்கக் குடும்பங்களின் கேள்விகளும் பதில்களும்

குளிர்கால லீவு நெருங்குகிறது. வேட்டைக்குப் போகும் தகப்பன்மாரோடு இப்போது பெண் பிள்ளைகளும் கிளம்புகிறார்கள். அதையொட்டி வந்த கேள்விகள் இவை.

டொங்காட்டிலிருந்து ஒரு தகப்பன்: அண்ணே, மகளுக்குப் பத்து வயது. இம்பாலா மான் வேட்டைக்கு நானும் வருவேன் என்று அடம் பிடிக்கிறாள். எந்த வயதில் துப்பாக்கியைக் கையில் கொடுக்கலாம்?

வயதை விடுங்கள் தம்பி. "நில்" என்றால் தூக்கிய காலை அப்படியே வைத்து நிற்கிறாளா? அரை மணி நேரம் போன் இல்லாமல் உட்கார முடிகிறதா? இந்த இரண்டும் இருந்தால் கூட்டிப் போகலாம். முதல் பருவம் முழுக்கத் துப்பாக்கி வேண்டாம், ஒரு வேலை கொடுங்கள். சின்ன டப்பாவில் டால்கம் பவுடர் போட்டுக் கொடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிதுக்கிக் காற்று எந்தப் பக்கம் என்று சொல்லச் சொல்லுங்கள். காற்று முகத்தில் அடிக்க வேண்டும், முதுகில் அடித்தால் இம்பாலா நம்மை மோந்துவிடும். இதைக் கற்றவள் பாதி வேட்டைக்காரி.

கூடவே வீட்டில் பாயிண்ட் 177 ஏர்கன்னில் பத்து மீட்டரில் பழகட்டும். இந்த ஏர்கன்னுக்கு இங்கே உரிமம் வேண்டாம். ஆனால் குழல் எங்கே பார்க்கிறது, விரல் எங்கே இருக்கிறது என்ற ஒழுங்கு அதற்கும் உண்டு. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுட விடாதீர்கள்.

லெனேசியாவிலிருந்து: சட்டம் என்ன சொல்கிறது? மகளுக்கு 16 வயது.

துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதிச் சான்றிதழ் வாங்கப் பொதுவாக 21 வயது ஆக வேண்டும். ஆனால் 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 22ஆம் பிரிவில், உரிமம் வைத்திருப்பவர் தன் நேரடி மேற்பார்வையில் இன்னொருவரைச் சுட விடலாம் என்கிறது. நேரடி மேற்பார்வை என்றால் கை எட்டும் தூரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பக்கியில் (பிக்கப் வண்டியில்) உட்கார்ந்துகொண்டு "நீ போய்ச் சுடு" என்பது அதில் சேராது. உங்கள் ரைஃபிளை அவளிடம் கொடுத்து மாமாவோடு அனுப்புவதும் கூடாது. பண்ணைக்காரரின் எழுத்து மூலமான அனுமதியைப் பையில் வையுங்கள். மாகாண வேட்டை உரிமம் தேவையா, வேலி போட்ட பண்ணை என்று அந்தப் பண்ணைக்கு வேட்டை விதிகளிலிருந்து விலக்குத் தரும் சான்றிதழ் இருக்கிறதா என்பதையும் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: 14 வயது மகள் என் 308 ரைஃபிளில் மூன்று குண்டு சுட்டாள். இப்போது விசையைத் தொட்டாலே கண்ணை மூடுகிறாள், குண்டு எங்கோ போகிறது. தோள் வலிக்கு என்ன செய்வது?

தோள் அல்ல, காது. பிள்ளைகள் தோளில் விழும் உதையைவிடச் சத்தத்துக்குத்தான் முதலில் பயப்படுகிறார்கள். பெரிய ரைஃபிளின் வெடிச்சத்தம் 155 டெசிபலைத் தாண்டும். 140-க்கு மேல் ஒரே வெடி போதும், காது கெட்டுப்போக. அதனால் காதுக்குள்ளே நுரைப்பஞ்சு பிளக், மேலே காதை மூடும் மஃப், இரண்டும் வேண்டும். பிளக்கைச் சும்மா செருகினால் பயனில்லை. ஊசிபோல் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காதின் மேல்நுனியைப் பின்னுக்கும் மேலுக்கும் இழுத்து, உள்ளே விட்டு, விரலால் முப்பது வினாடி பிடிக்க வேண்டும். வெளியே பாதி தொங்கினால் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். ரைஃபிளுக்கு சைலன்சர் மாட்டினால் இன்னும் நல்லது, சத்தம் 20 முதல் 30 டெசிபல் குறையும். நம் நாட்டில் அதற்குத் தனி உரிமம் கேட்பதில்லை.

308-ஐப் பெட்டியில் பூட்டிவிட்டு, சின்ன பாயிண்ட் 22 ரைஃபிளுக்குத் திரும்புங்கள். ஒரு நாளைக்கு இருபது, முப்பது குண்டு. அலுப்பு தட்டும் முன்பே நிறுத்துங்கள். கண்ணை மூடும் பழக்கம் போய்விட்டதா என்று அறிய ஒரு வழி உண்டு. நீங்களே குண்டு ஏற்றுங்கள். சிலமுறை நிஜத் தோட்டா, சிலமுறை வெடிக்காத போலித் தோட்டா, எது என்று அவளுக்குத் தெரியக் கூடாது. போலி விழும்போது குழல் கீழே குத்தினால் பயம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். திட்டாதீர்கள், அவளையே குழலைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்துப் போலியிலும் குழல் அசையாமல் நின்றால்தான் அடுத்த படி. 22-ஐத் தோட்டா இல்லாமல் வெறுமனே தட்டிப் பழகாதீர்கள், ஊசி தோட்டா அறையின் விளிம்பில் மோதித் தேய்ந்துவிடும். அதற்கும் போலித் தோட்டா போடுங்கள்.

அடுத்த படி 243 ரைஃபிள். மூன்றரைக் கிலோ ரைஃபிளில் அதன் உதை 308-இன் உதையில் ஏறக்குறைய பாதி. 90 அல்லது 100 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு இம்பாலாவுக்கும் பிளெஸ்பொக் மானுக்கும் தாராளம். லேசான ரைஃபிள் பிள்ளைக்குச் சௌகரியம் என்று கடைக்காரர் சொல்வார். தூக்கிக்கொண்டு நடக்க மட்டும்தான் சௌகரியம்; எடை குறையக் குறைய உதை கூடும்.

பீனிக்ஸிலிருந்து: ஸ்கோப் புருவத்தில் இடித்து ரத்தம் வந்துவிட்டது. பிள்ளை பயந்துவிட்டாள்.

ரைஃபிளின் பின்கட்டை, அதாவது தோளில் வைக்கும் பகுதி, நீளம் அதிகம். பெரிய ஆளுக்கு விசையிலிருந்து கட்டை முனை வரை பதின்மூன்றரை அங்குலம் இருக்கும். பிள்ளை அதை எட்ட முடியாமல் கழுத்தை முன்னே நீட்டுகிறாள், கண் ஸ்கோப்பில் ஒட்டிக்கொள்கிறது. முழங்கையை மடக்கி, கட்டை முனையை மடிப்பில் வைத்து, ஆட்காட்டி விரல் நுனி விசையை எட்டுகிறதா பாருங்கள். எட்டாவிட்டால் கட்டையைக் குறைக்க வேண்டும். பத்து, பன்னிரண்டு வயதுக்குப் பன்னிரண்டு அங்குலத்தை ஒட்டி வரும். வெட்டிய துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், வளர்ந்தபின் திரும்ப ஒட்டலாம். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் மூன்றரை அங்குல இடைவெளி வேண்டும்.

இன்னொன்று: எந்தக் கண் ஆதிக்கக் கண் என்று பார்த்தீர்களா? இரு கைகளையும் நீட்டி நடுவில் சின்ன ஓட்டை விட்டு, தூரத்துப் பொருளைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணுக்குப் பொருள் மறையாமல் நிற்கிறதோ அதுவே. வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் என்றால் இடத்தோளில் பழக்குங்கள்.

வெருலத்திலிருந்து ஒரு தாய்: வெளியே சொல்லக் கூச்சம். மாதவிலக்கு நாளில் போகலாமா? மிருகம் மோந்துவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

தாராளமாகப் போகலாம்மா. இம்பாலா மோந்து ஓடுவது மனித வாடைக்கு. அது எல்லார் மேலும் எல்லா நாளும் இருக்கிறது. பையில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நாப்கின், ஜிப் வைத்த கறுப்புப் பைகள், ஒரு லிட்டர் தனித் தண்ணீர், ஈரத் துடைப்பான் வையுங்கள். பயன்படுத்தியதைப் புதைக்காதீர்கள், நரி தோண்டும். கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒதுங்க வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமலே நடக்கும் பெண் பிள்ளைகள் உண்டு, தலைவலியும் மயக்கமும் அதனால்தான். தகப்பனே ஒரு மணிக்கு ஒருமுறை "நான் இங்கே நிற்கிறேன்" என்று சொல்லித் திரும்பி நின்றால் போதும்.

ஸ்டாங்கரிலிருந்து: உண்ணி?

குளிர்காலத்தில் மிளகுத்தூள் போல உண்ணிக் குஞ்சு புல் நுனியில் கொத்தாக இருக்கும். நீளக் கால்சட்டை, அதன் நுனி காலுறைக்குள். பூச்சி மருந்தில் துணிக்குப் பெர்மெத்ரின், தோலுக்கு டீட். இரவு குளிக்கும்போது அக்குள், இடுப்புப் பட்டி, முழங்கால் பின்புறம், காதுக்குப் பின்னே, முடி வகிடு பார்க்க வேண்டும். பெரிய பிள்ளை என்றால் தாயோ அக்காவோ பார்க்கட்டும். கடித்ததைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், நெருப்பு வேண்டாம். வந்து ஐந்து முதல் பத்து நாளில் தலைவலி, காய்ச்சல், நெறிக்கட்டு, கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு என்றால் உடனே டாக்டரிடம் போய்க் காட்டுக்குப் போனதைச் சொல்லுங்கள். வடக்கு நேட்டாலில் ஜோசினி, மன்குசி பக்கம் செப்டம்பர் முதல் மே வரை என்றால் மலேரியா மாத்திரையும் கேளுங்கள்.

மாரிட்ஸ்பர்கிலிருந்து: சுடத் தயாராகிவிட்டாள் என்று எப்படித் தெரியும்?

டீ சாசர் அளவு, 15 சென்டிமீட்டர் வட்டம். எண்பது மீட்டர். காட்டில் பயன்படுத்தப்போகும் அதே முக்காலித் தடியில், கொஞ்சம் நடந்து மூச்சு வாங்கியபின், ஐந்தில் ஐந்தும் உள்ளே விழ வேண்டும். நான்கு என்றால் அடுத்த மாதம். பெஞ்சில் மணல் மூட்டை வைத்துச் சுட்டது கணக்கில் வராது.

பக்கவாட்டில் நிற்கும் மிருகத்தை மட்டும் சுடட்டும். முன்னங்காலின் நடுக்கோட்டிலேயே மேலே போய், உடம்பு உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் குறி. காலுக்குப் பின்னால் தள்ளிக் குறி வைக்கச் சொல்லும் வெளிநாட்டுப் படங்களை நம்பினால் குண்டு வயிற்றுக்குப் போகும். நம் மான்களுக்கு இதயமும் நுரையீரலும் முன்னே தள்ளி இருக்கும். சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்றி அப்படியே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். இருபது நிமிடம் காத்திருங்கள். இளஞ்சிவப்பில் நுரையோடு ரத்தம் என்றால் நுரையீரல், அருகிலேயே கிடக்கும். பச்சைச் சாறு கலந்திருந்தால் குண்டு வயிற்றில் பட்டிருக்கிறது, இரண்டு மணி நேரமாவது விடுங்கள். துரத்தினால் ஓடிக்கொண்டே இருக்கும்.

அதே ஊரிலிருந்து: குறி வைத்துவிட்டுச் சுட மாட்டேன் என்றால்?

சுட வேண்டாம். "ஏன்" என்றும் கேட்க வேண்டாம். மற்றவர்கள் கேலி செய்தால் அவர்களை அடுத்த முறை கூப்பிடாதீர்கள்.

போர்ட் ஷெப்ஸ்டனிலிருந்து ஒரு பாட்டி: ஆடிக் கூழுக்கு விரதம் இருப்போம். வேட்டைக் கறி வீட்டுக்கு எப்போது வரலாம்? பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

ஜூனில் போனால் ஆடிக்கு முன்பே சமைத்து முடித்துவிடலாம் பாட்டி, மிச்சம் பிரீசரில். கறி சீக்கிரம் குளிர வேண்டும்: உடனே குடலெடுத்து, தோலுரித்து, ஏழு டிகிரிக்குக் கீழே. பிள்ளைகளுக்கு என்றால் ஈயம்தான் கவனம். ஈயக் குண்டு சிதறினால் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைச் சுற்றிப் போகும். அந்த இடத்தை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி எறியச் சொல்லுங்கள், கொத்துக்கறியில் சேர்க்க வேண்டாம். முழுச் செப்புக் குண்டு வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

டர்பனிலிருந்து: வேட்டை வேண்டாம், மலை போதும் என்கிறாள்.

அதுவும் நல்லதுதான். டிரேக்கன்ஸ்பர்க் மலையில் கோடையில் மதியத்துக்குப்பின் இடி மின்னல், அதனால் விடிகாலை ஏறிப் பன்னிரண்டுக்குள் முகட்டை விட்டு இறங்குங்கள். குளிர்காலத்தில் பனி விழலாம். பருத்திச் சட்டை நனைந்தால் உயிருக்கு ஆபத்து, கம்பளியோ பிளீஸோ கொடுங்கள். வாசலில் இருக்கும் மலைப் பதிவேட்டில் போகும் வழியை அவளே எழுதட்டும். திரும்பியதும் கையெழுத்துப் போட மறந்தால் ராத்திரி ஆட்கள் தேடக் கிளம்புவார்கள்.