ஜப்பானியக் குடும்பத்துடன் தங்கிப் படிக்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டில் படிக்கும்போது அந்நாட்டுக் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்க நேர்ந்தால், அந்த வாழ்க்கைக்கு எவ்வாறு பழகிக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஜப்பானிய மொழி படிப்பதற்காகக் கியோத்தோ நகரில் வயதான தம்பதியர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தவன் நான். ஆகவே ஜப்பானை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

அங்கே பலர் தமக்குப் பிடிக்காததை முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். எனவே யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதாலேயே எல்லாம் சரியாக நடக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. வீட்டின் வழக்கங்களை முதல் சில நாட்களிலேயே நாமாகக் கேட்டறிவதும், நமக்கு ஆகாதவற்றை நாமாகவே முன்கூட்டிச் சொல்லிவிடுவதும்தான் என் கருத்தில் முதன்மையானவை.

முதலில் கேட்டறிய வேண்டியது குளியல். தொட்டிக்கு வெளியே சிறிய முக்காலியில் அமர்ந்து, சோப்புப் போட்டு உடலை நன்றாகக் கழுவிக்கொண்ட பிறகே தொட்டிக்குள் இறங்க வேண்டும். 40 டிகிரி அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட சூட்டில் நிரப்பிய அதே வெந்நீரில்தான் அன்றிரவு வீட்டிலுள்ள அனைவரும் ஒருவர்பின் ஒருவராக அமர்வார்கள். ஆகையால் அதில் சோப்பு நுரை கலக்கவும் கூடாது, குளித்து முடித்ததும் அடைப்பைத் திறந்து நீரை வெளியேற்றவும் கூடாது. சூடு ஆறாதபடி மூடியைப் போட்டுவிட்டு வர வேண்டும். எஞ்சும் நீரை மறுநாள் துணி துவைக்கப் பயன்படுத்தும் வீடுகளும் பல உண்டு. காலையில் குளித்துப் பழகிய நான், காலையில் ஷவரில் மட்டும் குளித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், மனமுவந்து இசைந்தார்கள். குளிர்காலம் வந்தபோது நானாகவே இரவுக் குளியலுக்கு மாறினேன், ஏனென்றால் அங்குள்ள பெரும்பாலான வீடுகளில் ஆட்கள் இருக்கும் அறையை மட்டுமே சூடாக்குகிறார்கள், தாழ்வாரமும் படுக்கையறையும் சில்லிட்டுக் கிடக்கும்.

நீங்கள் சைவ உணவு உண்பவரானால், இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று சொல்வது மட்டும் போதாது. மிசோ என்னும் புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் சூப், ஊடோன் என்னும் தடித்த கோதுமை நூடுல்ஸ், வேகவைத்த காய்கறி என்று பலவற்றுக்கும் அடிப்படையான தாஷி என்னும் சாறு பெரும்பாலும் உலர்த்திய சூரை மீனைச் சீவி எடுத்த துருவலிலிருந்து இறக்கப்படுவது. மீன் கண்ணில் படாத கிண்ணத்திலும் மீன் இருக்கும். கொம்பு என்னும் கடற்பாசியிலும் உலர்ந்த ஷீத்தாக்கே காளானிலும் எடுக்கும் சாறும் அவர்களுக்கு நன்கு தெரிந்ததே, புத்த மடங்களின் சமையல் அவற்றைக் கொண்டுதான் நடக்கிறது. ஆகவே எது ஆகாது என்பதோடு எது ஆகும் என்பதையும் ஜப்பானிய மொழியில் எழுதி, விண்ணப்பிக்கும்போதே பள்ளியின் வழியாக அனுப்பிவிடுங்கள். சமைக்கிறவருக்கு அது பெரிய உதவி. இரவு உணவுக்கு வர இயலாத நாட்களில் பிற்பகலுக்குள் செய்தி அனுப்பிவிட வேண்டும், ஏனெனில் பல வீடுகளில் ஆளுக்கு இத்தனை துண்டு என்று கணக்கிட்டே அன்றாடம் பொருள் வாங்குகிறார்கள்.

விருந்தாளியாகவே இருந்துவிடாமல் வீட்டு வேலை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. எனக்குக் கிடைத்தது குப்பை. கியோத்தோவில் 2006 முதல் எரிக்கும் குப்பையை நகராட்சியின் மஞ்சள் பையில்தான் போட வேண்டும், அந்தப் பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பாட்டில்களுக்கும் பிளாஸ்டிக்குக்கும் வேறு பை, வேறு நாள். அதைக் காலையில் தெருமுனைக்குக் கொண்டுபோகத் தொடங்கிய பிறகுதான் அண்டை வீட்டார் எனக்கு வணக்கம் சொல்லிப் பேசத் தொடங்கினார்கள்.

இவ்வளவு செய்தும் சில வீடுகள் சிலருக்கு ஒத்துவருவதில்லை. அப்போது மனத்துக்குள் புழுங்கிக்கொண்டிராமல், தங்குமிடத்தை ஏற்பாடு செய்துதந்த பள்ளி அலுவலரிடம் முதல் மாதத்திலேயே சொல்லுங்கள். வீடு மாற்றித் தரும்படி கேட்பது அந்தக் குடும்பத்தை இழிவுபடுத்துவது ஆகாது.