அமெரிக்கத் தபாலில் போகும் பார்சலை யார் பிரிக்கலாம்?

கேள்வி: அமெரிக்காவுக்குள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அனுப்பும் பார்சலைச் சந்தேகத்தின் பேரில் பிரித்துப் பார்க்க முடியுமா? தபாலுக்கும் கூரியருக்கும் ஒரே சட்டம்தானா?

பதில்: இல்லை. தபாலிலேயே வகைக்கு வகை சட்டம் மாறும். ஒட்டி மூடிய தபாலுக்கு வீட்டில் வைத்திருக்கும் காகிதங்களுக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1878-லேயே சொல்லிவிட்டது. ஃபர்ஸ்ட் கிளாஸ், பிரையாரிட்டி மெயில் எல்லாம் இதில் வரும்; பிரிக்க நீதிபதியின் வாரன்ட் வேண்டும். (விலாசம் புரியாமல், திருப்பி அனுப்பவும் வழியில்லாத தபாலை அட்லாண்டாவில் உள்ள மையத்தில் பிரிப்பார்கள். அது வேறு விஷயம்.) புத்தகங்களுக்கான மலிவுக் கட்டண மீடியா மெயிலுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. புத்தகத்தோடு ஒரு சட்டையையும் செருகி அனுப்பினால், பிரித்துப் பார்த்து மிச்சக் கட்டணத்தைக் கேட்பார்கள்.

வாரன்ட் தேவைப்படுவது பிரிப்பதற்குத்தான். மேலே எழுதியிருக்கும் விலாசங்களைக் குறித்துக்கொள்ள அது வேண்டாம். மோப்ப நாய் முகர்வதும் சோதனை ஆகாது என்பது 1983-ல் பயணப் பெட்டி வழக்கொன்றில் சொன்னது. பார்சலுக்கும் அதையே காட்டுகிறார்கள். நாய் அடையாளம் காட்டினால் அதை வைத்தே வாரன்ட் வாங்குவார்கள். அதுவரை பார்சல் நிற்கும். 1970-ல் ஒரு வழக்கில் 29 மணி நேரம் நிறுத்தியதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. காரணமில்லாமல் நாள்கணக்கில் இழுத்தடித்தால் வக்கீலுக்கு வாதம் கிடைக்கும்.

கூரியரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் அரசியல் சட்டத்தின் 4-வது திருத்தம் கட்டுப்படுத்துவது அரசை மட்டுமே. பிரித்துப் பார்க்கும் உரிமையைத் தனியார் நிறுவனங்கள் பொடி எழுத்து நிபந்தனைகளிலேயே எழுதி வைத்திருக்கும். 1984-ல் தீர்ப்பான வழக்கில், ஃபோர்க்லிஃப்ட் இடித்துக் கிழிந்த பெட்டியை ஊழியர்களே பிரித்தார்கள். உள்ளே டேப்பால் செய்த குழாய். அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு பிளாஸ்டிக் பைகள், வெள்ளைப் பொடி. ஊழியர் பார்த்த அளவுக்கு அதிகாரியும் பார்க்கலாம், துளி எடுத்துச் சோதிக்கலாம், வாரன்ட் வேண்டாம் என்றது நீதிமன்றம். போலீஸ் சொல்லி ஊழியர் பிரித்திருந்தால் கதை மாறும். அவர் அரசின் ஆளாகிவிடுவார்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வரும் பார்சல்?

பதில்: சுங்க அதிகாரி வாரன்ட் இல்லாமலே பிரிக்கலாம். கடித உறை என்றால், உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்ற நியாயமான சந்தேகம் வேண்டும். ஆனால் கடிதத்தைப் படிக்க வாரன்ட் தேவை. பிரித்த பார்சலில் சுங்கத் துறை டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டேப் இல்லை, பெட்டி கிழிந்திருக்கிறது, பொருள் குறைகிறது என்றால் பெட்டியை வீசாமல் விலாசச் சீட்டோடு போட்டோ எடுத்து, தபால் நிலையத்தில் புகார் கொடுங்கள்.