‘பல’ ஓடுகிறது, ‘மொத்தம்’ ஏன் ஓடவில்லை?

கேள்வி: பழகுவதற்காகப் பைத்தானில் ஒரு சின்ன இன்டர்பிரெட்டர் (நிரலை வரி வரியாகப் படித்து இயக்கும் நிரல்) எழுதுகிறேன். மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்க ஆசை. ‘பல = 5’ ஓடுகிறது. ‘மொத்தம் = 5’ என்றால் தொடக்கத்திலேயே பிழை. வரியின் அமைப்பை அலசும் பார்சரை மூன்று முறை திருத்திவிட்டேன். தவறு எங்கே?

பதில்: பார்சரை விட்டுவிடுங்கள், அதன் மேல் குற்றமில்லை. அதற்கு முன்னால் நிற்கும் லெக்சர்தான் சொல்லை உடைத்துத் தருகிறது. பெயரைப் பிடிக்க ரெகெக்ஸில் (எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் வடிவ விதி) ‘பேக்ஸ்லாஷ் டபிள்யூ’ (\w) போட்டிருப்பீர்கள். பைத்தானோடு வரும் ரெகெக்ஸ் மாட்யூல் அதை எழுத்து, எண், அடிக்கோடு என்று மட்டுமே எடுத்துக்கொள்ளும். நம் கால், கொம்பு, புள்ளி எல்லாம், எழுத்துகளுக்கு எண் தரும் தரமான யூனிகோடில் எழுத்து வகையில் இல்லை, ‘குறி’ வகையில் இருக்கின்றன. ‘பல’வில் குறியே கிடையாது, தப்பித்தது. ‘மொத்தம்’ நம் கண்ணுக்கு நாலு எழுத்து. கணினிக்கோ ம, ொ, த, ், த, ம, ் என்று ஏழு. ‘ம’வைப் பிடித்துவிட்டு ‘ொ’வில் நின்றுவிடுகிறது.

யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய பிளாக்கின் 128 இடங்களையும் ரெகெக்ஸில் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ௹ என்ற ரூபாய்க் குறிகூடப் பெயருக்குள் நுழைந்துவிடும். பைத்தானில் சரங்களுக்கு (எழுத்துத் தொடர்களுக்கு) ‘ஈஸ்ஐடென்டிஃபையர்’ (isidentifier) என்று ஒரு மெத்தட் உண்டு, இது பெயராக இருக்கலாமா என்று சொல்லும். முதல் எழுத்தை அதனிடம் தனியாகக் கேளுங்கள். அடுத்து வருபவற்றை முன்னால் ஓர் ‘அ’ ஒட்டிக் கேளுங்கள். இல்லை என்று பதில் வரும் இடத்தில் பெயர் முடிந்தது.

சரி, இது ஓடியதும் இன்னொன்று காத்திருக்கும். ‘ொ’வை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ‘ெ’, ‘ா’ என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் நீளம் 7, 8 என்று மாறும். மேல் வரியில் வைத்த மாறியைக் கீழ் வரியில் ‘இல்லை’ என்று சொல்லும். ஒவ்வொரு பெயரையும் என்எஃப்சி (NFC, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) வடிவத்துக்கு மாற்றிவிட்டு மாறிகளின் அட்டவணையில் போடுங்கள். பெயரை மட்டும்தான், மேற்கோளுக்குள் இருக்கும் சரத்தைத் தொடாதீர்கள், அது பயனரின் தரவு.

‘மௌனம்’ என்பதைப் பலர் கொம்பு போட்டு, ‘ள’வைத் தட்டி, ‘மெளனம்’ என்று எழுதுவார்கள். இதை என்எஃப்சி சேர்க்காது, நீங்களும் சேர்க்காதீர்கள். ‘கெளுத்தி’ என்று மீன் பெயர் வைத்தவர் மாட்டிக்கொள்வார். அங்கே பிழைச் செய்தியில் ‘மௌனம் என்ற மாறி இருக்கிறது, அதுவா?’ என்று கேட்டால் போதும்.