வாடும் செடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தொட்டி மண் ஈரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் செடி துவண்டு நிற்கிறது. இன்னும் தண்ணீர் விடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் எந்த நேரத்தில் துவள்கிறது என்று பாருங்கள். உச்சி வெயிலில் தொங்கிய இலை மாலையில் நிமிர்ந்துவிட்டால் கவலையில்லை. இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். விடியற்காலையிலும் தொங்கினால்தான் சிக்கல்.

மண்ணின் இடுக்குகளில் நீரே நிறைந்துவிட்டால் காற்றுக்கு இடமிருக்காது. ஆக்சிஜன் குறைந்ததும் வேர்ச் செல்களின் சவ்வில் நீர் நுழையும் புரத வாசல்கள் மூடிக்கொள்ளும். அதே நிலை நீடித்தால் வேர் அழுகும். நீரில் நின்றுகொண்டே செடி வாடுவது இதனால்தான். மேலும் தண்ணீர் ஊற்றுவது நோயை வளர்ப்பது.

அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட்டு, வடிதுளையில் அடைப்பு இருந்தால் நீக்குங்கள். மேல் மண் 3 செ.மீ. ஆழத்துக்குக் காயும்வரை நீர் விடாதீர்கள். அப்போதும் தேறாவிட்டால் செடியை வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். அழுகியது பழுப்பேறி, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வரும். அதை வெட்டிவிட்டு, நீர் எளிதில் வடியும் புது மண்ணில் நட்டு, சில நாள் நிழலில் வையுங்கள். மாற்றி நடும்போது நீரை உறிஞ்சும் நுண்ணிய வேர்த்தூவிகள் அறுபடும். புதியவை முளைக்கும்வரை வெயில் ஆகாது.

கேள்வி: உரம் போட்ட பிறகு இலை ஓரங்கள் கருகின. ஏன்?

பதில்: உரம் அதிகமாகிவிட்டது. மண்நீரில் உப்பின் செறிவு வேர்ச் செல்லில் உள்ளதைவிடக் கூடினால், சவ்வூடு பரவல் (சவ்வு வழியே செறிவு கூடிய பக்கம் நீர் நகர்வது) திசை மாறி வேரிலிருந்தே நீர் வெளியேறும். தொட்டியின் கொள்ளளவைப்போல் இரு மடங்கு நீரை மெதுவாக ஊற்றி, அடியில் முழுதும் வடியவிடுங்கள். காய்ந்த மண்ணில் உரம் போடவே கூடாது.

கேள்வி: காலையில் இலை நுனியில் மட்டும் நீர்த்துளி. பனியா?

பதில்: பனி இலைப் பரப்பு முழுதும் படியும். நுனியிலும் விளிம்புப் பற்களிலும் மட்டும் நின்றால் அது வேர் அழுத்தம் தள்ளிய சாறு. மண் ஈரமாகவும் காற்று ஈரப்பதத்தோடும் இருக்கும் இரவுகளில் வரும். காய்ந்தால் வெண்தடம் தெரியும். நோயல்ல.

கேள்வி: போட்டோமீட்டரில் (potometer – வெட்டிய கிளை நீர் உறிஞ்சுவதை அளக்கும் கருவி) காற்றுக் குமிழி நகரவே இல்லையே?

பதில்: கிளையை வெளியில் வெட்டிக் கொண்டுவந்து செருகியிருப்பீர்கள். வெட்டிய கணமே நீரை மேலே கடத்தும் சைலம் குழாய்களுக்குள் காற்று ஏறி, நீர்த்தொடர் அறுந்துவிடும். நீருக்கடியில் சாய்வாக வெட்டி, நீருக்குள்ளேயே செருகுங்கள். இணைப்புகளில் வாசலின் பூசி, இலைகளை ஒற்றித் துடைத்து, 10 நிமிடம் கழித்து அளக்கத் தொடங்குங்கள். குழாயின் உள்விட்டம் 1 மி.மீ. என்றால், குமிழி 10 மி.மீ. நகர்ந்தால் உள்ளே போனது சுமார் 7.9 கன மி.மீ. நீர். இக்கருவி காட்டுவது கிளை உறிஞ்சிய அளவைத்தான். இலை வழியே இழந்த அளவு வேண்டுமென்றால், தொட்டியையும் மண்ணையும் பாலித்தீனால் இறுகக் கட்டி, செடியோடு இடைவெளி விட்டு இருமுறை எடைபோட்டுப் பாருங்கள்.