புரூசெல்லா முதுகெலும்புத் தொற்று என்றால் என்ன?

ஆடு, மாடு, பன்றி, ஒட்டகம் போன்ற விலங்குகளிடமிருந்து வரும் புரூசெல்லா என்ற பாக்டீரியா மனிதரின் முதுகெலும்பில் குடியேறிவிடும் நிலை இது. காய்ச்சாத பாலைக் குடிப்பதும், குட்டி ஈனும்போது வெளியாகும் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடுவதும் முக்கிய வழிகள்.

ஏன் முதுகெலும்பு? கிருமிகளை விழுங்கி அழிக்கும் வெள்ளணுக்களுக்குள்ளேயே இது உயிரோடு ஒளிந்துகொள்கிறது. காவலரின் வண்டியிலேயே திருடன் ஊர் சுற்றுவதைப் போல! ரத்தத்தோடு பயணித்து, ரத்த ஓட்டம் மிகுந்த முள்ளெலும்புகளில், பெரும்பாலும் இடுப்புப் பகுதியில், இறங்கிவிடுகிறது. விட்டு விட்டு வரும் காய்ச்சல், இரவில் சட்டையை நனைக்கும் வியர்வை, ஓயாத இடுப்புவலி. சுளுக்கு என்று நினைத்துக் களிம்பு தடவியே பலர் மாதங்களைக் கழித்துவிடுகிறார்கள். ஒளிந்திருக்கும் கிருமி என்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டிபயாட்டிக் மருந்துகளைப் பொதுவாக 3 மாதமாவது சாப்பிட வேண்டியிருக்கும்.

நோயாளியின் அருகில் இருந்தாலே தொற்றிக்கொள்ளும் என்று அஞ்சுவது தவறு. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவது மிக அரிது.