எம்.எஸ். வந்த பிறகு அன்றாட வேலைகளையும் விசேஷ நாட்களையும் எப்படி மாற்றிக்கொண்டீர்கள்?

எனக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., வந்து பல வருடமாகிறது. விட்டுவிட்டு வரும் வகை. நோய் உறுதியானதிலிருந்து உங்களிடம் எல்லோரும் "வேலையைக் குறைச்சுக்கோ" என்றே சொல்கிறார்கள், ஆனால் எதை எப்படிக் குறைப்பது என்று யாரும் சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டிலும் அதே பாட்டுதான். நான் குறைத்தது கொஞ்சம்தான். எதை எந்த நேரத்தில் செய்வது, எதற்குப் பின் எதைச் செய்வது என்று மாற்றியதில்தான் நாள் என் கைக்கு வந்தது.

முதலில் சூடு. மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை நம் நோய் எதிர்ப்பு மண்டலமே தாக்குவதுதான் இந்த நோய். மேலுறை உரிந்த வயர் மாதிரி, உடம்பு லேசாகச் சூடானாலே சிக்னல் தடுமாறும். உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் ஏறினாலே சிலருக்குக் கண் மங்கும், கால் இழுக்கும். 1890-இல் ஊத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், உடலை வருத்தி வேலை செய்ததும் நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதைக் கவனித்து எழுதினார். இன்றும் இதை அவர் பெயராலேயே சொல்கிறார்கள். எம்.ஆர்.ஐ. வருவதற்கு முந்தைய காலத்தில், எம்.எஸ்.தானா என்று தெரிந்துகொள்ள ஆளை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துப் பார்ப்பார்களாம். நாம் தப்பித்தோம். உடம்பு குளிர்ந்ததும் இந்தத் தடுமாற்றம் போய்விடும், அதனால் நரம்பில் புதுச் சேதம் வருவதில்லை. இது தெரிந்த பிறகுதான் எனக்குப் பாதி பயம் போனது.

காலையில் சுடச்சுடக் குளித்துவிட்டு வந்தால் எனக்கு விரல் சொன்ன பேச்சு கேட்காது. பட்டன் விரலுக்குள் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்பதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆபீஸ் போகும் அவசரத்தில் அந்தக் கால் மணி நேரம் அழுகையாக வரும். இப்போது குளியல் மாலையில், வெதுவெதுப்பான தண்ணீரில், ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு. காலையில் முகம் கழுவி உடம்பைத் துடைத்துக்கொள்வதோடு சரி. பட்டன் தானாகப் போட வருகிறது.

அடுத்தது அசதி. எம்.எஸ். உள்ள முக்கால்வாசிப் பேருக்கு மேல் இது உண்டு. சாதாரணக் களைப்பு தூங்கி எழுந்தால் போகும், இது எழும்போதே கூட வரும். எனக்கு மதியத்துக்கு மேல் மூளை மந்தமாகிவிடுவதால் கணக்கு வழக்கு, போன் பேசி முடிக்க வேண்டியவை எல்லாம் காலையிலேயே. நிற்கிற வேலைக்குப் பிறகு உட்காருகிற வேலை. காய் நறுக்குவது, துணி மடிப்பது எல்லாம் உட்கார்ந்துதான். ஓய்வை மட்டும் களைத்த பிறகு எடுப்பதில்லை. இன்னும் கொஞ்சம் செய்யலாம் போலிருக்கிறதே என்று தோன்றும்போதே படுத்துவிடுவேன். பார்ப்பவர்களுக்கு இது சோம்பேறித்தனமாகத்தான் தெரியும். தெரியட்டும்.

உடற்பயிற்சியை விட்டுவிடாதீர்கள். ஒரு காலத்தில் எம்.எஸ். என்றால் அசையாமல் இரு என்றுதான் மருத்துவர்களே சொன்னார்கள். இப்போது செய்யச் சொல்கிறார்கள். மின்விசிறிக்குக் கீழே, பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொண்டு, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த அளவுக்குச் செய்யுங்கள்.

இனி விசேஷ நாள். சிக்கல் எல்லாம் இங்கேதான். கூட்டம், இரைச்சல், அடுப்புச் சூடு, தூக்கக் குறைவு, கூடவே "பார்த்தா நல்லாத்தானே இருக்கே" என்கிற அத்தைகள். நான் விசேஷத்தை மூன்று நாள் வேலையாகப் பார்க்கிறேன். முதல் நாள் வெளியே எங்கும் போவதில்லை. மறுநாளும் காலியாக இருக்க வேண்டும். யார் கூப்பிட்டாலும் அன்றைக்கு வருகிறேன் என்று வாக்கு கொடுப்பதில்லை. நடுவிலுள்ள அந்த ஒரு நாளில் எனக்கு எது முக்கியம் என்று முன்கூட்டியே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவேன். வந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் எனக்கு முக்கியம். எனவே அடுப்படி மற்றவர்களுடையது. என் கணவருக்கும் கொழுந்தனாருக்கும் யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று ஒரு வாரம் முன்பே தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். அன்று காலையில் வாயால் சொன்னால் நடக்காது, நானே எழுந்து போய்ச் செய்துவிடுவேன்.

மாமியாருக்கு இதைப் புரியவைக்க நாளாயிற்று. "எல்லாரும் வந்திருக்கும்போது நீ போய்ப் படுத்தா என்ன நினைப்பாங்க?" என்பார். நரம்பு, மயலின் என்றெல்லாம் விளக்கிப் பயனில்லை. "அத்தை, இப்ப அரை மணி நேரம் படுத்தா சாயங்காலம் வரைக்கும் உங்க கூடவே இருப்பேன். இல்லைன்னா நாலு மணிக்கே கால் தூக்க முடியாது" என்று சொன்னேன். இரண்டு விசேஷங்களில் அவரே கண்ணால் பார்த்தார். இப்போது யாராவது கேட்டால் "அவ அரை மணி நேரத்துல வந்துருவா" என்று அவரே பதில் சொல்லிவிடுகிறார். நோயின் பெயரைச் சொல்வதைவிட என்ன உதவி வேண்டும், எத்தனை மணிக்கு வேண்டும் என்று சொன்னால் உறவுக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

இந்த நோயில் பலருக்குச் சிறுநீர் அவசரமாக வரும். அதனால் பயணம் என்றதும் நம்மில் பலர் செய்வது, கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது. கூடவே கூடாது. சிறுநீர் அடர்த்தியானால் சிறுநீர்ப்பை இன்னும் எரிச்சலாகி அவசரம் கூடும், மலச்சிக்கல் வரும், தொற்றும் எளிதில் வரும். தொற்று வந்தால் காய்ச்சல், காய்ச்சல் வந்தால் மேலே சொன்ன அதே சூட்டுக் கதை. தண்ணீரை வழக்கம்போலக் குடித்துவிட்டு, கழிப்பறைக்குப் பக்கத்து இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள்.

விமான நிலையத்தில் நான் சக்கர நாற்காலி கேட்கிறேன். எனக்கு நடக்க வரும். ஆனால் அந்த நீள நடையையும் வரிசையையும் அங்கேயே செலவழித்துவிட்டால், போய்ச் சேர்ந்த ஊரில் அறைக்குள்தான் கிடக்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து நான்கு அடி வைத்தால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். முதல் தடவை கூசும், அப்புறம் பழகிவிடும்.

எம்.எஸ்.ஸுக்கு நீங்கள் எடுப்பது ஊசி மருந்தாக இருந்தால் பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டியிருக்கும். உறைந்தாலும் கெட்டுவிடும் என்பதால் ஐஸ் பேக்கை நேராக ஒட்டி வைக்காதீர்கள். கைப்பையிலேயே எடுத்துப் போங்கள், மருத்துவர் கடிதத்தோடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றும் மருந்து என்றால் அந்தத் தேதியை வைத்துத்தான் பயணத் தேதியைப் போட வேண்டும். வெளிநாட்டுக்குத் தடுப்பூசி தேவைப்பட்டால் அது உயிருள்ள கிருமி வகையா என்று கேளுங்கள். நாம் எடுக்கும் மருந்துகளில் பலவற்றோடு அந்த வகை ஆகாது.

போன இடத்தில் திடீரென்று கால் மரத்தால் உடனே மூட்டை கட்ட வேண்டியதில்லை. குளிர்ந்த இடத்தில் படுத்து, தண்ணீர் குடித்து, காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், புது அறிகுறி ஒன்று வந்தோ பழையது மோசமாகியோ 24 மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருந்தால்தான் ரிலாப்ஸ், அதாவது நோய் மறுபடி தாக்குகிறது என்று கணக்கு. அப்போது உங்கள் நரம்பியல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பார்வை போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, திடீரென்று ஒரு பக்கம் செயலிழப்பது இவற்றுக்கு மட்டும் காத்திருக்காமல் பக்கத்து மருத்துவமனைக்கே போய்விடுங்கள். இதைக் கூட வருபவரிடம் கிளம்பும் முன்பே சொல்லிவையுங்கள்.